மலையூரார் காத்த புல்வெளி

(ஊராட்சி மன்றத் தலைவர்கள், உறுப்பினர்கள் பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வரவு செலவுக் கணக்கைப் பற்றியும் திட்டங்களைப் பற்றியும் எடுத்துரைக்க என்னிலும் வல்லவர்கள் இம்முகாமுக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே எனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்ல அனுமதி பெற்றுக்கொண்டேன். "வாய்க்காலுக்கும் மேய்ச்சல் தரைக்கும் வழி கேட்க வந்த நம்மிடம் இவர் அயல்நாட்டு மலையைப் பற்றிப் பேசப் போகிறாராமே!" என்று சிலர் எண்ணக்கூடும். பேச்சு சுற்றி வந்து வாய்க்காலிலும் மேய்ச்சல் தரையிலும்தான் முடியப்போகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் கடைசி வாரத்தில், சேர்ந்திருந்த ஈட்டிய விடுப்பை எடுத்துக்கொண்டு, சொந்தச் செலவில் மொராக்கோ நாட்டுக்குச் சென்றேன். பிரான்சு நாட்டில் பணியாற்றும் என் கல்லூரி நண்பர் ஒருவர், "நமக்கு நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டது. இன்னும் ஐந்தாண்டு கழித்து மலையேற நினைத்தால் முழங்கால் சம்மதிக்காது" என்று எழுதி என்னை அழைத்தார். பயணிகள் ஐவர், வழிகாட்டி ஒருவர், கோவேறு கழுதைகளை ஓட்டிவருவோர் இருவர், சமையற்காரர் ஒருவர் என ஒன்பது பேர் ஆறு நாட்கள் மலையில் நடந்தோம்.

நாடும் மக்களும்

மொராக்கோ நாடு ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ளது. அந்நாட்டின் நடுவே அட்லாஸ் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் மிக உயர்ந்த பகுதிக்கு உயர் அட்லாஸ் என்று பெயர். அங்குள்ள தூப்கால் சிகரத்தின் உயரம் 4,167 மீட்டர். வட ஆப்பிரிக்காவில் இதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் அதன் அளவு விளங்கும். மலைக்கு வடக்கே மராக்கேஷ் நகரம் இருக்கிறது. கோடையில் அங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டும். மலையைக் கடந்து தெற்கே செல்லச் செல்லப் பாலைவனம். குளிர்காலத்தில் மலையுச்சியில் படியும் பனி, வேனிலில் உருகி ஓடைகளாக இறங்குகிறது. அந்த ஓடை நீரை நம்பியே மலையூர்கள் வாழ்கின்றன.

அம்மலையில் வாழ்வோரை உலகம் பெர்பர் மக்கள் என்று அழைக்கிறது. அஃது அயலார் இட்ட பெயர். தம் மொழி பேசாதவர்களைக் குறிக்கக் கிரேக்கரும் ரோமானியரும் வழங்கிய சொல்லிலிருந்து பிறந்தது. அவர்கள் தங்களை அமாசிக் என்றே கூறிக்கொள்கிறார்கள். சுதந்திர மனிதர் என்று அதற்குப் பொருள் சொல்லுவார்கள். நான் நடந்த பகுதியில் அவர்கள் பேசும் மொழிக்குத் தாஷெல்ஹித் என்று பெயர். நெடுங்காலம் வீட்டு மொழியாகவே இருந்த அமாசிக் மொழியை, 2011-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் அரபு மொழியோடு ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டது. பள்ளிச் சுவரில் திஃபினாக் என்னும் பழைய எழுத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதை எங்கள் வழிகாட்டி பெருமையோடு சுட்டிக்காட்டினார். தாய்மொழியின் அருமை அறிந்த நமக்கு அந்தப் பெருமையை விளக்க வேண்டியதில்லை.

மலைப்பாதையில்

மராக்கேஷ் நகரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோ மீட்டர் தொலைவில் இம்லில் என்ற ஊர் இருக்கிறது. உயரம் 1,740 மீட்டர். எங்கள் நடை அங்கே தொடங்கியது. அரசுச் சான்று பெற்ற வழிகாட்டி இல்லாமல் தூப்கால் பாதையில் செல்ல அனுமதி இல்லை. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் அயல்நாட்டுப் பெண்கள் இருவர் அப்பகுதியில் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் இந்தக் கட்டுப்பாடு இறுக்கமாயிற்று. காவற்சாவடியில் எங்கள் பெயர்களைப் பதிந்துகொண்டார்கள். மலை வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளி ஒன்று அய்த் பூகமேஸ் பள்ளத்தாக்கில் உள்ள தபந்த் என்ற ஊரில் 1987-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. மலையிலே பிறந்த இளைஞன் பிழைப்புக்காக நகரத்துக்கு இறங்காமல், மலையறிவைக் கொண்டே வாழ அது வழி செய்திருக்கிறது.

முதல் நாள் அருமத் என்ற ஊரைக் கடந்து, சீதி சம்ஹரூஷ் என்னும் வழிபாட்டிடத்துக்கு வந்தோம். வெண்சுண்ணம் பூசிய பெரும்பாறை ஒன்றன் கீழ் அமைந்தது அது. இசுலாமியர் மட்டுமே உள்ளே செல்லலாம். நாங்கள் வெளியே நின்று தேநீர் அருந்திவிட்டு நடந்தோம். இரவு 3,207 மீட்டர் உயரத்தில் உள்ள தங்குமனையில் படுத்தோம். மறுநாள் விடியுமுன் புறப்பட்டு, சரளைக்கல் சரியும் பாதையில் காலடிக்குக் காலடி மூச்சு வாங்க ஏறி, உச்சியை அடைந்தோம். உச்சியிலே இரும்புச் சட்டத்தால் ஆன கூம்பு ஒன்று நிறுத்தியிருக்கிறது. வடக்கே பசும் பள்ளத்தாக்குகள், தெற்கே செம்மண் நிறத்தில் வறண்ட மலைகள். அழகிய காட்சிதான். ஆயினும் நான் இந்தியாவுக்குத் திரும்பிக் கொண்டுவந்த பாடம் உச்சியில் கிடைத்ததன்று. இறங்கி வந்த பின் ஊர்களிலே கிடைத்தது.

வாய்க்கால் கற்பித்த பாடம்

மூன்றாம் நாள் அருமத்தில் தங்கினோம். வீடுகள் எல்லாம் பாறைச் சரிவில் ஒன்றன் தோள்மீது ஒன்று ஏறி நிற்பதுபோல் இருக்கின்றன. கல்லாலும் மண்ணாலும் கட்டி, மேலே தட்டையாக மண் கூரை வேய்ந்தவை. பயிர் விளையக்கூடிய மண்ணில் ஒரு வீடுகூடக் கண்ணில் படவில்லை. "மண் இருக்கும் இடம் பயிருக்கு, கல் இருக்கும் இடம் மனிதனுக்கு" என்றார் வழிகாட்டி. நன்செயைக் கூறு போட்டு மனைக்கல் நடுவதைத் தினமும் காண்கிற எனக்கு அச்சொல் சுருக்கென்றது.

சரிவு முழுவதும் கற்சுவர் எழுப்பி, மண் நிரப்பி, அடுக்கடுக்காக வயல் அமைத்திருக்கிறார்கள். வாற்கோதுமை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, கால்நடைத் தீவனம், வரப்பு ஓரங்களில் ஆப்பிள், செர்ரி, அக்ரூட் மரங்கள். மேட்டு வயல்களில் வாற்கோதுமை அறுவடை நடந்துகொண்டிருந்தது. வட்டமான களத்தில் கோவேறு கழுதைகளை வரிசையாகப் பிணைத்துத் தாம்பு ஓட்டினார்கள். ஒருவர் களத்தில் ஊரார் பலர் கூடி வேலை செய்வதும், பின்பு அவர்கள் களத்துக்கு இவர் செல்வதும் அங்கு வழக்கம். அதற்குத் திவீசி என்று பெயர். நம் ஊரில் கைமாற்று வேலை என்று சொல்லுகிறோமே, அதுவே.

ஓடையின் மேல்பகுதியில் கல்லும் தழையும் இட்டுத் தடுத்து, மலைச்சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். அந்த வாய்க்காலைத் தர்கா என்கிறார்கள். யாருடைய வயலுக்கு எந்த நாள், எந்த வேளை நீர் என்பதற்கு முறை உண்டு. ஆண்டுதோறும் தூர் வாருவதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். இவற்றை முடிவு செய்வது ஜமாஅ என்னும் ஊர்க்கூட்டம். குடும்பத் தலைவர்கள் கூடிப் பேசி ஒருமித்து முடிவு செய்யும் பழைய அமைப்பு இது. அரசு அமைத்த தேர்தல் மன்றம் தனியாக உண்டு. தெற்கேயுள்ள எதிர் அட்லாஸ் பகுதியில் நீர் முறையை அளக்க, அடியில் சிறு துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிடுவார்கள். கிண்ணம் நிரம்பி மூழ்கினால் ஓர் அளவு. நம் முன்னோர் பயன்படுத்திய நாழிகை வட்டில் என்ன செய்ததோ அதையே அதுவும் செய்கிறது.

மாலையில் எங்களுக்கு இடம் தந்த வீட்டுக்காரர், எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர், புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நானோ அலுவலர் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. வாய்க்கால் கரையெங்கும் ஈரம் கசிந்திருப்பதைக் கண்டு, "இவ்வளவு நீர் வீணாகிறதே, சிமெண்டுப் பூச்சுப் பூசினால் என்ன?" என்று கேட்டேன். வழிகாட்டி மொழிபெயர்த்துச் சொன்னார். பெரியவர் சிரித்தார். வாய்க்காலுக்குக் கீழே வரிசையாக நின்ற அக்ரூட் மரங்களைக் காட்டி, "இந்த மரங்களுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று உங்கள் விருந்தாளியைக் கேள்" என்றார்.

எனக்கு விடை சொல்ல வாய் எழவில்லை. அக்ரூட் அந்த வீட்டின் ரொக்க வருவாய். மரத்துக்குத் தனியே நீர் முறை கிடையாது. கசிவே அதன் முறை. பிறகு அவரே எழுந்து வந்து, பாறை சரிந்து வாய்க்கால் அறுந்த ஓரிடத்தில் மட்டும் சிமெண்டு இட்டிருப்பதைக் காட்டினார். "சிமெண்டு எங்களுக்குப் பகையில்லை. எங்கே வேண்டும் என்பதைக் கூட்டத்தில் பேசினோம்" என்றார்.

நண்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் முன்பு பணியாற்றிய ஒன்றியத்தில், ஓர் ஏரியின் வரத்துக் கால்வாய்க்குச் சிமெண்டுப் பூச்சு வேலை நடந்தது. அவ்வூர் நீர்க்கட்டி, வயதானவர், என் அலுவலகத்துக்கு இருமுறை வந்தார். "ஐயா, மூன்று இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்று மாடு நீர் குடிக்கிற துறை, மற்ற இரண்டும் கிணறுகளுக்கு ஊற்று" என்றார். வரைபடத்தில் அப்படி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை முடிந்தது, கணக்கும் முடிந்தது. அடுத்த கோடையில் கால்வாயை ஒட்டிய கிணறுகளில் நீர் இறங்கியது. ஓரிரவில் யாரோ மூன்று இடங்களில் பூச்சை உடைத்துவிட்டார்கள். பொதுச் சொத்துக்குச் சேதம் என்று நான் அறிக்கை எழுதினேன். உடைந்திருந்த மூன்று இடங்களும் அந்த முதியவர் சொன்ன அதே மூன்று இடங்கள் என்பதை அறிக்கையில் எழுதவில்லை. ஏழு கடல் தாண்டி ஓர் அக்ரூட் மரத்தடியில் அமர்ந்தபோதுதான் அந்த அறிக்கை என் நெஞ்சில் உறுத்திற்று.

காலியாகக் கிடந்த புல்வெளி

நான்காம் நாள் 2,279 மீட்டர் உயரமுள்ள தமத்தர்த் கணவாயைக் கடந்து தஷெதிர்த் ஊரில் தங்கினோம். ஐந்தாம் நாள் மற்றொரு கணவாயை ஏறி இறங்கியபோது, கீழே ஊகைமதன் என்னும் பரந்த புல்வெளி தெரிந்தது. உயரம் ஏறக்குறைய 2,600 மீட்டர். சுற்றிலும் மொட்டை மலைகள். நடுவே ஓடை பாய்ந்து, முழங்காலளவு பசும்புல். கல் அடுக்கிய ஆட்டுக் கொட்டில்கள் சரிவெங்கும் இருந்தன. ஆனால் ஆடு இல்லை, மாடு இல்லை. அதற்கு முதல் நாள்தான் கீழே வறண்ட சரிவுகளில் முள்ளைக் கடித்துக்கொண்டிருந்த மந்தைகளைக் கண்டோம். "இத்தனை புல் இங்கே வீணாக நிற்க, ஆடுகள் அங்கே பட்டினி கிடப்பானேன்?" என்று கேட்டேன். வழிகாட்டி, "இது அக்தால். இன்னும் நாள் வரவில்லை" என்றார்.

அக்தால் என்றால் காப்பிட்ட மேய்ச்சல் நிலம். ஊகைமதன் புல்வெளி ரெராயா, ஊரிக்கா என்னும் இரு குலத்தாருக்குப் பொதுவானது. மார்ச்சு 15 முதல் ஆகஸ்டு 10 வரை அதில் எவருடைய கால்நடையும் கால் வைக்கக்கூடாது என்பது ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ள மரபு. பனி உருகிப் புல் துளிர்க்கும் வேளையில் ஆடு நுழைந்தால் குருத்தையே கடித்துவிடும், வேர் வலுவிழக்கும். நான்கைந்து மாதம் விட்டுவைத்தால் புல் வளர்ந்து, பூத்து, விதை உதிர்த்துவிடும். பின்பு மேய்ந்தாலும் அடுத்த ஆண்டுக்குக் குறைவில்லை. இதைத் தாவர நூல் கற்று அவர்கள் வகுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வகுத்தார்கள். சீதி ஃபார்ஸ் என்னும் மகானின் காவல் அந்தப் புல்வெளிக்கு உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த விதியின் எளிமையைக் கவனியுங்கள். ஒருவருக்கு எத்தனை ஆடு, ஓர் ஆட்டுக்கு எத்தனை புல் என்றெல்லாம் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் சண்டை ஓயாது. இங்கேயோ கேள்வி ஒன்றே: நாள் வந்ததா, இல்லையா? குறித்த நாளுக்கு முன் புல்வெளியில் ஓர் ஆடு நின்றாலும், சுற்றியுள்ள மலையிலிருந்து பார்க்கிற எல்லாருக்கும் அது குற்றம் என்று தெரியும். காவலுக்கு ஆயிரம் கண். செலவு மிகக் குறைவு. மீறியவர் அபராதம் கட்டவேண்டும். திறக்கும் நாளில் எல்லா மந்தைகளும் ஒன்றாக ஏறுகின்றன. ஆகவே முந்தியவருக்கு ஆதாயம், பொறுத்தவருக்கு இழப்பு என்ற பேச்சுக்கு இடமில்லை.

"உங்களுக்கும் ஆடு உண்டா?" என்று வழிகாட்டியைக் கேட்டேன். "நாற்பது. நேற்று முள் கடித்துக்கொண்டிருந்தவற்றில் என் ஆடுகளும் இருந்தன" என்றார். தம் ஆடுகள் மெலிந்திருப்பதை அறிந்தும், முழங்காலளவு புல்லின் நடுவே என்னை அழைத்துச் சென்ற அந்த மனிதரை நான் என்றும் மறவேன்.

பொதுச் சொத்து என்றால் அஃது அழிந்தே தீரும். ஒன்று அரசு பறித்துக் காக்க வேண்டும், இல்லையேல் தனியாருக்குப் பங்கிட வேண்டும் என்று அறிஞர் பலர் எழுதிவந்தார்கள். அமெரிக்கப் பேராசிரியை எலினார் ஆஸ்ட்ரம் அவர்கள் பல நாடுகளின் மேய்ச்சல் நிலங்களையும் பாசனங்களையும் ஆராய்ந்து, பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்துக் காத்தால் பொதுச் சொத்து நூற்றாண்டுகள் நிலைக்கும் என்று காட்டினார். அதற்காக 2009-ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

நிலம் நடுங்கிய பின்

இம்லில் செல்லும் வழியில் அஸ்னி என்ற சந்தையூரில் கூடாரங்களைக் கண்டேன். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் உயர் அட்லாசில் 6.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். மண்ணும் கல்லும் கொண்டு கட்டிய வீடுகள் உறங்கிக்கொண்டிருந்தோர்மேல் சரிந்தன. பாறை விழுந்து சாலைகள் அடைபட்டன. பல மலையூர்களுக்கு வண்டி செல்ல முடியாத நாட்களில் உணவையும் போர்வையையும் சுமந்து சென்றவை கோவேறு கழுதைகளே. முற்றும் இடிந்த வீட்டுக்கு 1,40,000 திர்ஹாமும், ஓரளவு இடிந்ததற்கு 80,000 திர்ஹாமும், இருக்க இடமற்ற குடும்பத்துக்கு மாதம் 2,500 திர்ஹாம் வீதம் ஓராண்டும் உதவி தருவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. ஆயினும் நான் சென்றபோது பல குடும்பங்கள் கூடாரத்திலேயே கோடையைக் கழித்துக்கொண்டிருந்தன.

எங்கள் வழிகாட்டியின் வீட்டில் ஒரு சுவர் விழுந்திருந்தது; உயிர்ச்சேதம் இல்லை. "மறுநாள் உங்கள் ஊர் என்ன செய்தது?" என்று கேட்டேன். "இறந்தோர் இருந்த அண்டை ஊர்களுக்கு ஆண்கள் கடப்பாரையோடு போனார்கள். திரும்பி வந்ததும் வாய்க்காலைச் சீராக்கினோம். சுவர் பிறகு கட்டலாம், மக்காச்சோளம் காத்திருக்காது" என்றார். அதற்கு யாரும் ஆணை அனுப்பவில்லை. திவீசிக்குக் கூடிப் பழகிய கைகள் துன்பம் வந்தபோதும் தாமே கூடின.

குறைகளும் உண்டு

அங்கே எல்லாம் பொன்னுலகம் என்று எண்ணிவிட வேண்டாம். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் அமர்வது வழக்கமில்லை. ஆனால் மலையில் அதிக உழைப்பு அவர்களுடையதே. முதுகு வளையத் தீவனக் கட்டைச் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் எங்களைக் கடந்து சென்ற பெண்களை நாள்தோறும் கண்டேன். கூட்டு நிலங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை உண்டு என்று 2019-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டில் சட்டம் வந்தது. தொடக்கப் பள்ளி முடிந்ததும் சிறுமிகளின் படிப்பு நின்றுபோவதும் உண்டு. மேற்பள்ளி தொலைவிலுள்ள சந்தையூரில் இருப்பதே காரணம். 2007-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனம் அஸ்னியில் மாணவியர் விடுதி அமைத்ததால் பலர் மேலே படிக்கிறார்கள்.

ஓடைப் படுகையின் ஆபத்தும் பெரிது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் ஊரிக்கா பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் புகுந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடையைக் கழிக்கப் படுகையிலே தங்கியிருந்தோர் அவர்களில் பலர். நீர் இல்லாத நாளில் ஓடை காலிமனையாகத் தோன்றும். அது தன் இடத்தை மறப்பதில்லை.

ஊகைமதனில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட்டு நடக்கிறது. அதற்கான கட்டடங்கள் புல்வெளி ஓரத்தில் வந்துவிட்டன. போதாக்குறைக்கு, 2024 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் மொராக்கோவை வறட்சி வாட்டிற்று. மந்தைகள் குறைந்துபோனமையால், 2025-ஆம் ஆண்டு தியாகத் திருநாளில் ஆடு பலியிடுவதைத் தவிர்க்குமாறு அந்நாட்டு மன்னரே மக்களைக் கேட்டுக்கொண்டார். பழைய விதி ஒன்று இருப்பதாலேயே அது என்றைக்கும் நிற்கும் என்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கூடி அமர்ந்து அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

இனி நம் ஊருக்கு வருவோம். புறம்போக்கு என்ற சொல் முதலில் வரிவிதிப்புக்குப் புறம்பான நிலத்தைக் குறித்தது. நாளடைவில் 'யாருக்கும் சொந்தமில்லாதது' என்று மக்கள் வாயில் பொருள் மாறிவிட்டது. அக்தாலும் ஒருவருக்குச் சொந்தமன்று. ஆயினும் அதை யாருக்கும் சொந்தமில்லாதது என்று அங்கே ஒரு குழந்தைகூடச் சொல்லாது. நம்முடைய 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், மேய்ச்சல் தரை, களம், மந்தைவெளி, தோப்பு முதலியவற்றின் பயன்பாட்டை ஒழுங்கு செய்யும் பொறுப்பை ஊராட்சியிடம் தந்திருக்கிறது. அதிகாரம் ஏட்டில் இருக்கிறது. அதை ஊருக்குக் கொண்டுவருவது உங்கள் கையில் உள்ளது.

மூன்று வேண்டுகோள்களை மட்டும் வைக்கிறேன்.

முதலாவது, மார்ச்சு 22-ஆம் நாள் கூடும் கிராம சபையில், உங்கள் ஊரின் பொது நிலங்களையும் நீர்நிலைகளையும் சர்வே எண்ணோடு உரக்கப் படியுங்கள். பட்டியலைப் படித்தாலே, எது எங்கே போயிற்று என்ற கேள்வி சபையில் தானே எழும்.

இரண்டாவது, இருக்கிற மேய்ச்சல் தரையில் பாதியையாவது, முதல் மழை விழுந்தது முதல் புல் விதை உதிர்க்கும் வரை மூடிவையுங்கள். மூடும் நாளையும் திறக்கும் நாளையும் ஆடு மாடு வைத்திருப்போரே கூடி முடிவு செய்யட்டும். ஆடு மேய்ப்பவர்களில் பெண்கள் மிகுதி. அவர்கள் இல்லாமல் அந்த நாளைக் குறிக்க வேண்டாம். விதி எளிதாக இருக்கட்டும். எல்லார் கண்ணுக்கும் தெரிவதாக இருக்கட்டும்.

மூன்றாவது, வாய்க்கால் வேலைக்கு மதிப்பீடு தயாரிக்குமுன், தலைமடைக்காரர், கடைமடைக்காரர், நீர்க்கட்டி மூவரையும் அழைத்துக்கொண்டு வாய்க்காலின் முழு நீளமும் நடந்து பாருங்கள். எங்களைப் போன்ற அலுவலர்களையும் உடன் அழைத்து நடக்க வையுங்கள். வரமாட்டோம் என்றால் விடாதீர்கள்.

மொராக்கோவிலிருந்து திரும்பிய அடுத்த மாதம், அந்தப் பழைய ஒன்றியத்துக்குச் சென்று முதியவரைக் கண்டேன். கண்பார்வை குறைந்திருந்தது, ஆனால் என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். நான் செய்தது தவறு என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்து, "ஐயா, அன்றைக்கே என்னோடு ஒரு நடை வந்திருக்கலாம். இன்றைக்காவது வாருங்கள்" என்றார். இருவரும் கால்வாய்க் கரையில் நடந்தோம். உடைத்த மூன்று இடங்களிலும் புல் முளைத்திருந்தது. மாடு நீர் குடித்த தடம் ஈரமாக இருந்தது.

அந்த நடையைப் பத்தாண்டுக்கு முன்பே நான் நடந்திருக்க வேண்டும். நீங்கள் காலம் தாழ்த்தாமல் நடப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.